பெல்ட்டை மாற்றியது நான்தான்

"சாரை இட்டுகினு வாங்க மேடம். அவராண்ட நான் பேசிக்கிறேன்" என்றார் மெக்கானிக். சொல்லிவிட்டு, நான் அங்கிருந்து போய்விட்டது போல என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார்.

சார் என்று அவர் சொன்னது என் கணவரை. அவர் பெருங்களத்தூரில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறவர். கார் ஓட்டத் தெரியாது. பானெட்டைத் திறக்கச் சொன்னால் டிக்கிப் பக்கம் போவார். கார் என்னுடையது. பத்து வயதான வெள்ளைக் கார், மூன்றாவது கையாக எங்களிடம் வந்தது. காலை ஷிஃப்ட்டுக்கு ஆறரை மணிக்கு நான் மறைமலை நகரில் இருந்தாக வேண்டும். பஸ் நிறுத்தத்தில் நின்று, நிற்காமல் போகிற பஸ்களை எண்ணி எண்ணி அலுத்துத்தான் அதை வாங்கினேன். ஜி.எஸ்.டி. ரோட்டை ஆங்காங்கே தோண்டிப் போட்டிருந்த வருடங்கள் அவை.

எட்டு மாதங்களுக்கு முன்பு இதே மெக்கானிக்கிடம் டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்லிக் காரை விட்டிருந்தேன். ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, புது பெல்ட் போட்டாச்சு என்று சாவியைக் கொடுத்தார். நம்பினேன். இந்தப் பேச்சுக்கு முந்தின வாரம் எஞ்சினில் லேசாக ஒரு தட்டல் கேட்டது. பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் மூடியை நான்கு திருகு கழற்றித் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது பழைய பெல்ட். மேலே அச்சடித்த எழுத்து தேய்ந்து மறைந்திருந்தது. ஒவ்வொரு பல்லின் அடியிலும் மயிரிழை விரிசல். ஒரு ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

இதைத்தான் அவரிடம் சொன்னேன்.

"ஹீட்டுல அப்டிதான் ஆவும் மேடம். ரப்பர்தானே."

"ரப்பரைப் பத்தி என்கிட்ட சொல்லாதீங்க. நான் ரப்பர் கம்பெனியில ஒன்பது வருஷமா செக்கிங்ல இருக்கேன். எட்டு மாசத்து ரப்பர் எப்படி இருக்கும், அஞ்சு வருஷத்து ரப்பர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"இன்னா மேடம், பேஜார் பண்றீங்க. அதான் சொல்றேனே, சாரை இட்டுகினு வாங்க."

நான் சாரை இட்டுக்கொண்டு போகவில்லை. காரை மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வந்தேன். அந்த பெல்ட் அறுந்தால் எஞ்சின் ஓடுகிற இடத்திலேயே செத்துவிடும். மேலே இருக்கும் வால்வுகளும் கீழிருந்து ஏறிவரும் பிஸ்டன்களும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் முறைபோட்டு ஓடுவது அந்த ஒரு பட்டையை நம்பித்தான். எட்டு மாதமாக முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி என்று நான் போய்வந்திருக்கிறேன். பல நாள் நான்கு வயது மகள் பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வண்டியை நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கிலிருந்து என் கை வரவில்லை.

அன்றைக்கே கணவரிடம் சொன்னேன். "நானே மாத்தப் போறேன்."

அவர் கேட்டார்: "வேற மெக்கானிக் பாக்கலாமே?"

"அவனும் உங்களைத்தான் கூட்டிட்டு வரச் சொல்வான்."

அவர் தன் பழைய சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

பழைய புத்தகக் கடையில் அந்தக் கார் மாடலின் சர்வீஸ் புத்தகம் ஜெராக்ஸாகக் கிடைத்தது. படங்கள் பாதி கறுத்துப் போயிருந்தன. பரவாயில்லை, தினமும் டிராயிங் பார்ப்பதுதான் என் வேலை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பெல்ட்டும், அதைத் தளராமல் இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் கேட்டபோது கடைக்காரர், "மெக்கானிக் யாரு? அவரை ஃபோன்ல சொல்லச் சொல்லுங்க" என்றார். பெல்ட்டின் பல் எண்ணிக்கையையும் அகலத்தையும் நான் சொன்னேன். அவர் உறையைப் பிரித்து ஒவ்வொரு பல்லாக எண்ணிப் பார்த்தார். பிறகு கவரில் போட்டுக் கொடுத்தார்.

நாங்கள் இருந்தது இரும்புலியூரில், ஆறு வீடுகள் கொண்ட ஒரு ஃப்ளாட். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கீழே எங்கள் பார்க்கிங் இடத்தில் ஜாக்கி வைத்து வலது முன் சக்கரத்தைக் கழற்றினேன். கணவரின் பழைய சட்டையைப் போட்டிருந்தேன். எஞ்சினின் அடியில் இருக்கும் கிராங்க் புல்லி என்ற சக்கரத்தின் போல்ட் அசையவே இல்லை. காம்பவுண்ட் மூலையில் தண்ணீர் வற்றிப்போன அடிபம்பு ஒன்று இருந்தது. அதிலிருந்து கழன்று கிடந்த இரும்புக் குழாயை எடுத்து ஸ்பேனரில் மாட்டினேன். வண்டி கியரில் இருக்க, கணவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டார். குழாயின் நுனியில் என் முழு எடையையும் போட்டேன். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். போல்ட் விட்டது.

அந்தச் சத்தத்துக்கு ஃப்ளாட் சங்கச் செயலாளர் இறங்கி வந்தார். முதல் மாடிக்காரர், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்னம்மா இது? இது ரெசிடென்ஷியல் பிளேஸ். ஒர்க் ஷாப் கிடையாது."

"என் பார்க்கிங்ல என் வண்டியை ரிப்பேர் பண்றேன் சார்."

"ஆயில் கொட்டும், தரை பாழாகும். சீக்கிரம் முடிங்க." பிறகு குனிந்து காருக்குள் இருந்த என் கணவரைப் பார்த்து, "நீங்களாவது சொல்லக் கூடாதா சார்?" என்றார்.

கணவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது சார். அவங்களைத்தான் கேக்கணும்" என்றார். திருமணமாகி ஏழு வருடத்தில் அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

செயலாளர் போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். மேலே பால்கனிகளில் இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. மேல் புல்லியிலும் கீழ்ப் புல்லியிலும் இருக்கும் குறிகளை எஞ்சினில் உள்ள குறிகளுக்கு நேராகப் பொருத்தி, என் நகப்பாலிஷால் அடையாளம் வைத்து, பழைய பெல்ட்டை உருவினேன். புதியதை மாட்டி டென்ஷனரை இறுக்கினேன். இந்தக் கட்டத்தில் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். புத்தகத்தில் தடித்த எழுத்தில் அது இருந்தது. நான் செய்யவில்லை. ஒரு மனிதர் தலைக்கு மேல் நின்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்ட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

ஸ்டார்ட் ஆனது. ஆனால் குளிர்ஜுரம் வந்த ஆள் போல வண்டி முழுக்க நடுங்கியது. உடனே அணைத்தேன்.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார் செயலாளர். குரலில் கோபம்கூட இல்லை, திருப்திதான் இருந்தது. "ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. இதெல்லாம் லேடீஸ் பண்ற வேலையா?"

கணவர் இறங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "விட்டுடலாமா?" என்று காதோடு கேட்டார்.

"தப்பு பண்ணியிருக்கேன். எங்கன்னு எனக்குத் தெரியும். விட மாட்டேன்."

கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்த் தோசை சுட்டுச் சாப்பிட்டேன். மகளுக்குத் தலை பின்னிவிட்டேன். பிறகு இறங்கி வந்து, போட்ட அத்தனையையும் மறுபடி கழற்றினேன். மேலே இருக்கும் புல்லியில் பெல்ட் ஒரே ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். அவ்வளவு போதும். இந்த முறை நேராக வைத்து, ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே சுற்றினேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. குறிகள் வந்து நேருக்கு நேர் நின்றன. நம்பாமல் இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன். அப்போதும் நின்றன. பிற்பகல் மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்து, சத்தமே இல்லாமல் ஓடியது. கணவர் கை தட்டினார். நான் தரையில் இருந்த கிரீஸ் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன், ஒரு சொட்டு விடாமல்.

புதன்கிழமை மாடிப்படி பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வளாகத்துக்குள் வாகனப் பழுதுபார்ப்பு அனுமதிக்கப்படாது என்று. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு நான் போனேன். அதுவரை போனதில்லை.

"ரெண்டாவது மாடி சார் வாரா வாரம் ஸ்கூட்டர் கார்புரேட்டரைக் கழட்டிப் பெட்ரோல்ல கழுவறார். அஞ்சு வருஷமா நானும் பாக்கறேன். அதுக்கு ஒரு தாளும் ஒட்டலையே" என்றேன்.

"அது வேறம்மா" என்றார் செயலாளர்.

"என்ன வேற?"

அவர் நோட்டைப் புரட்டினார். இரண்டாவது மாடிக்காரர் செருப்பைப் பார்த்தார்.

"பொம்பளை ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னு எழுதுங்க சார். அதை ஒட்டுங்க. நானே கையெழுத்துப் போட்டுத் தரேன். அப்புறமும் பண்ணுவேன்."

கூட்டம் தண்ணீர் லாரி விஷயத்துக்குப் போனது. தாளை அவர்கள் எடுக்கவும் இல்லை, புதிதாக எழுதவும் இல்லை. அடுத்த மாதம் அதற்கு நேர் எதிரில் படுத்துக்கொண்டு ஆயில் மாற்றினேன்.

பெல்ட் மாற்றிய வாரத்துச் சனிக்கிழமையே பழைய பெல்ட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவருடைய மேஜையில் வைத்து இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினேன். விரிசல்கள் வாய் திறந்தன. அங்கே நின்றிருந்த இரண்டு கஸ்டமர்களும் பார்த்தார்கள்.

"யாரு மாத்தினது?" என்றார்.

"நான்."

"டைமிங் கரெக்டா வெச்சீங்களா?"

"முதல் தடவை ஒரு பல் தள்ளிடுச்சு. கழட்டி மறுபடி போட்டேன். இப்ப சரியா கீதான்னு நீங்களே கேட்டுப் பாருங்க."

அவருடைய பேச்சு என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் எழுந்து வெளியே வந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றார். "சரியாத்தான் கீது" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் வாயால் அது வர வேண்டியிருந்தது, வந்துவிட்டது. பானெட்டை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று வருடம் கழித்துக் காரை விற்க முடிவு செய்தோம். முதலில் பார்க்க வந்தவர் எல்லாம் பார்த்துவிட்டு, "டைமிங் பெல்ட் மாத்தினதுக்கு பில் இருக்கா?" என்று என் கணவரைக் கேட்டார்.

"பில் இல்ல. நான்தான் மாத்தினேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்து, என் கணவரைப் பார்த்து, சொல்லியனுப்புகிறேன் என்று போய்விட்டார். தெரிந்த கடையில் ஒரு பில் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று தொழிற்சாலையில் ஒரு அக்கா யோசனை சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வந்தவர் கேட்பதற்கு முன்பே நான் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, பெல்ட்டை மாற்றியது நான்தான் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். பிறகு வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார்.