கீச்சும் கறகறவும்

"கொம்பியூட்டர்ல ஒண்டும் காட்டேல்ல, மெடம்" என்றார் கார் சேர்விஸ் கவுண்டரில் இருந்தவர்.

"காட்டாது தம்பி, கேக்கும். பிரேக்கை மிதிச்சுப் பாருங்கோ" என்றேன். மிதிக்கவில்லை. மறுபடியும் திரையைத்தான் பார்த்தார். என்ன சத்தம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு வெள்ளவத்தை வெயிலில் விறுவிறு என்று நடந்தேன். கார் அங்கேயே நிற்கிறது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

அங்கே அடித்த தீய்ந்த மணம்தான் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. எங்கள் முதல் காரிலும் இதே மணம். மூன்று கை மாறி வந்த கார். என் மனுசன் வங்கியில் வேலை, அளந்து அளந்து கதைக்கிற ஆள். எனக்கு அப்போது ஏழு மாதம். பிரேக் அடிக்கும்போதெல்லாம் கார் கத்தும்.

"இஞ்சாருங்கோ, கறகற எண்டு கேக்குது."

"கீச் எண்டுதான் கேக்குது. உமக்கு எல்லாம் பெரிசாத்தான் கேக்கும்."

இதை வெறும் வாய்ச்சண்டை என்று நினைக்காதீர்கள். கீச் என்றால் தூசியாக இருக்கலாம், துடைத்தால் போய்விடும். கறகற என்றால் பிரேக் பாட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது, ஓட்டவே கூடாது. எனக்கும் இது பிறகுதான் தெரியும். ஆனால் காது சரியாகத்தானே இருந்தது!

வெள்ளவத்தையில் கராஜே இல்லாத மாதிரி நகரத்தின் மறுகோடியில் இருக்கிற கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனார். கார் திருத்துகிறவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவது. "மொன சத்தேத?" என்பார் அந்தச் சிங்களவர். என்ன சத்தம் என்று கேட்கிறார். வாயால் சத்தம் போட்டுக் காட்ட வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். எங்களுக்கு முன்னால் நின்ற பெரிய மனிதர் ஒருவர் கூச்சமே இல்லாமல் "கடக் கடக்" என்று காட்டினார். பாஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

எங்கள் முறை வந்தது. இவர் இருமினார், டையைச் சரிசெய்தார். "பொடி சத்தயக் பாஸ்" என்றார். சின்னச் சத்தமாம்! நாலு பேர் முன்னால் கீச் என்றோ கறகற என்றோ கத்த இவருக்கு வெட்கம். நான் வாயைத் திறக்க, "நீர் சும்மா இரும்" என்றார். நானும் இருந்தேனே, மடைச்சி. பாஸ் தூசியைத் துடைத்து அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள், எங்கள் ஒழுங்கையால் றெயில் பாதைப் பக்கம் இறங்கும்போது பிரேக் ஒரேயடியாக அடிமட்டம் போய்விட்டது. இவர் ஹான்ட்பிரேக்கை இழுக்க, முனை வீட்டு மதிலில் மோதித்தான் கார் நின்றது. முன்னால் தண்டவாளத்தில் கோச்சி ஒன்று தடதடவென்று போனது. இவருக்கு ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்க முடியவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை உதைத்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

காரைக் கட்டியிழுத்துக்கொண்டு திரும்பவும் கொட்டாஞ்சேனை. பாஸ் வாய் திறக்க முதலே இவர் கராஜின் நடுவில் நின்று, "கறகறகறகற" என்று தொண்டை கிழியக் கத்தினார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். கத்தி முடித்துவிட்டு, பாஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

அந்தக் கராஜ் இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள். பாஸ் எங்கே போனாரோ தெரியாது. இவர் காலமாகியும் இரண்டு வருஷம். முப்பது வருஷத்தில் எத்தனையோ சண்டை. "நான் பிழை விட்டிட்டன்" என்று இந்த மனுசன் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னது அன்றைக்கு மட்டும்தான், அதுவும் கறகற என்று.