டப்பாவில் தேங்கிய முத்து

பாக்கியலக்ஷ்மியின் வாய் ஓயாது என்பது மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்த சங்கதி. அப்பா சுடலைமுத்துவுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து கொச்சியில் காலூன்றிய குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், இரண்டிலும் அவள் சரளமாகச் சண்டை போடுவாள். ஆங்கிலத்தில் பரீட்சை மட்டும் எழுதுவாள்.

அவள் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்தது 2002-இல். அந்த வருஷம் கல்லூரியில் ஒரு புது ஏற்பாடு வந்தது. மாணவர்கள் எல்லோரும் சனிக்கிழமை தோறும் ஏதாவது தொண்டு நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். செய்ததைப் பற்றி எழுதித் தந்தால் அதற்கும் மார்க். தோழி ஹஸீபாவுக்கு முதியோர் இல்லம் கிடைத்தது. போன முதல் நாளே பாயசம் என்று வந்து சொன்னாள். பாக்கியத்துக்குக் கிடைத்தது ‘கைமாற்றம்’ என்ற டிரஸ்ட். பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்குக்கு மேலே ஒற்றை அறை. ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி. பாயசத்துக்கு வழியில்லை, படியேறியதும் தும்மல்தான் வந்தது.

அங்கே பொறுப்பில் இருந்தவன் அஜீஷ். முப்பதைத் தொடாத வயசு, கசங்கிய கதர் ஜிப்பா. பச்சை மசியில் அச்சடித்த சின்னக் கூப்பன் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தான்.

“இதன்டெ பேரு முத்து. ஒரு முத்து ஒரு ரூபாய்க்குச் சமம். ஆனா நம்ம அங்கத்தினருக்குள்ள மட்டும்தான் செல்லும். நீ ஒருத்தருக்குத் தையல் வேலை செஞ்சா முத்து கிடைக்கும். அதைக் கொடுத்து இன்னொருத்தர் கடையில சாயா குடிக்கலாம்.”

“அதுக்கு ரூபாயே போதுமே சேட்டா?”

“மட்டாஞ்சேரில சம்பாதிக்கிற ரூபாய் சாயங்காலம் போட்டுல ஏறி, காயல் தாண்டி எறணாகுளம் போயிடும். துணிக்கடை, ஐஸ்கிரீம், சினிமா. முத்துக்குப் போட்டுல ஏறத் தெரியாது. இங்ஙனயே சுத்திக்கிட்டு இருக்கும்.”

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்து அதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தாள். சுடலைமுத்து கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏட்டி, என் பேர்ல நோட்டு அடிக்கானுவளா? போலீசு வந்து என்னைய புடிச்சிட்டுப் போவப் போறான்.”

பாக்கியத்தின் வேலை, கடை கடையாக ஏறி ஆள் சேர்ப்பது. வாய்க்கு ஏற்ற வேலை. செரளாயில் தையல்கடை வைத்திருந்த நீலாம்பாளைச் சேர்த்தாள். ஆட்டோ ஓட்டும் சிஜுவைச் சேர்த்தாள். டியூஷன் எடுப்பவர், குழாய் ரிப்பேர்க்காரர், மீன் வெட்டித் தருகிற அம்மா என்று ஓணத்துக்குள் நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரையும்விடப் பெரிய மீன், சாயாக்கடை மொய்து. பாலஸ் ரோட்டுக் கடை. ஊருக்கே அவர் ‘இக்கா’, அதாவது அண்ணன். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த அவருடைய பழம்பொரிக்காக ஜனங்கள் தெரு தாண்டி வருவார்கள். “மொய்துக்கா முத்து எடுக்காராம்” என்ற ஒரே வார்த்தையைக் கேட்டே பாதிப் பேர் சேர்ந்தார்கள்.

சிக்கலும் அங்கேதான் முளைத்தது. முத்து கையில் வந்ததும் எல்லோரும் நேரே சாயாக்கடைக்கு நடந்தார்கள். தையல்காரி வந்து சாயா குடித்தாள். ஆட்டோக்காரன் குடித்தான். டியூஷன் வாத்தியார் குடித்ததோடு நிற்காமல் வீட்டுக்கும் பழம்பொரி கட்டிக்கொண்டு போனார். ஊரில் சுற்ற வேண்டிய முத்தெல்லாம் மொய்துவின் பிஸ்கட் டப்பாவுக்குள் போய் அமர்ந்துகொண்டது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பாக்கியம் போனபோது கடை முகப்பில் மலையாளத்தில் ஓர் அட்டை தொங்கியது: ‘முத்து எடுக்கப்படமாட்டாது.’

அஜீஷுக்கு முகம் வெளுத்துவிட்டது. “மொய்துக்கா போனா எல்லாரும் போயிடுவாங்க.” டிரஸ்டுக்குப் பணம் தருகிற சங்கத்துக்கு இதை எப்படி எழுதுவது என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அவன் உட்கார்ந்துவிட்டான். பாக்கியம் எழுந்து சாயாக்கடைக்குப் போனாள்.

மொய்து கோபக்காரர் இல்லை. அவளை உட்காரவைத்து, சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னார். “மோளே, நான் முத்தைக் குத்தம் சொல்லல்லை. இதைக் கொண்டு எனக்கு என்ன காரியம்? துணி தைக்க வீட்டுல ஆளிருக்கு. டியூஷன் படிக்கிற வயசு தாண்டிப்போச்சு. பால்காரன் முத்து வாங்குவானா? மாட்டான். டப்பா நெறஞ்சதுதான் மிச்சம்.”

பாக்கியம் டப்பாவை இழுத்துத் திறந்து பார்த்தாள்.

அப்போது உள்ளேயிருந்து, எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாலிருந்து, ஒரு குரல் வந்தது. “என்கிட்ட ஆராவது கேட்டாங்களா?”

மொய்துவின் மனைவி ஷரீஃபா. ஊரே புகழ்ந்த பழம்பொரி அவள் கைப்பக்குவம். கடை முகப்புக்கு அவள் வருவதில்லை என்பதால் பாக்கியம்கூட அதுவரை அவளிடம் பேசியதில்லை. இப்போது கரண்டியோடு வாசல்படியில் வந்து நின்றாள்.

“உங்களுக்கு என்ன வேணும் இத்தா?” என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள் பாக்கியம்.

“ஸ்கூட்டர் ஓட்டப் படிக்கணும்.”

மொய்து சிரித்தார். ஷரீஃபா சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

மகன் சஜ்ஜாத் கல்ஃப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஸ்கூட்டி ஒன்று கடைக்குப் பின்னால் சாக்கு மூடிக் கிடந்தது. ஷரீஃபாவின் தங்கை இடக்கொச்சியில் இருந்தாள். போய்வர வேண்டுமென்றால் மொய்து கடையை விட்டு வர வேண்டும், இல்லையென்றால் பஸ் மாறிப் போக வேண்டும். “போனா அஞ்சு நிமிஷம் இருக்கறதுக்குள்ள பஸ்ஸு பஸ்ஸுன்னு மனசு அடிச்சுக்கும். எனக்கு வேணுங்கறப்ப போகணும். வேணுங்கறப்ப வரணும். அதுக்கு டப்பால உள்ளதெல்லாம் எடுத்துக்கோ.”

“சிஜு சேட்டன் படிப்பிச்சுத் தருவாரே.”

“ஆம்பளை பின்னால பிடிச்சுக்கிட்டு ஓடி வரதா? வேண்டாம். பெண்ணாப் பார்த்துக் கொண்டா.”

“நான் படிப்பிச்சுத் தரேன் இத்தா” என்று பாக்கியத்தின் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் தனக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது என்பது அவளுக்கு நினைவு வந்தது.

சிஜுவிடம் ஓடினாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டான். ஷரீஃபா தருகிற முத்தில் பாதி அவனுக்கு. அதைக்கொண்டு அவன் மறுபடி சாயா குடிப்பான். அஜீஷ் நிமிர்ந்து உட்கார்ந்தான். “சுத்துது” என்றான். மொய்து அட்டையை இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெலிங்டன் தீவில் ஈ காக்கை இருக்காது. கிடங்குகளுக்கு நடுவே அகலமான சாலைகள், மேலே மரநிழல். காலையில் சிஜு ஸ்கூட்டியைப் பாலம் வழியாக அங்கே ஓட்டிக்கொண்டு வருவான். உச்சிவரை பாக்கியத்துக்குப் பாடம். பிறகு அவன் போய்விடுவான். சாப்பாட்டு நேரம் தாண்டி ஷரீஃபா போட்டில் வந்து இறங்குவாள். காலையில் கற்றதைப் பாக்கியம் மாலையில் சொல்லிக்கொடுப்பாள். முதல் வாரம் நேரே போவது. அடுத்த வாரம் பிரேக். திரும்புவது எப்படி என்று ஷரீஃபா கேட்டபோது, “அது அடுத்த ஞாயிறு இத்தா. எல்லாத்துக்கும் முறை இருக்கு” என்றாள். காரணம், அவளுக்கே அது அடுத்த ஞாயிறுதான்.

மூன்றாம் முறையோ நாலாம் முறையோ ஷரீஃபாவின் கை ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிட்டது. பாக்கியம் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். ஸ்கூட்டி ஒரு கிடங்கு வாசலில் அடுக்கியிருந்த கயிற்று மூட்டைகளில் போய்ப் பொத்தென்று குத்தி நின்றது. மூட்டைகள் மெத்தென்றிருந்ததால் ஒரு காயமுமில்லை. தலையை மூடியிருந்த தட்டத் துணி மட்டும் ஹேண்டிலில் மாட்டிக் கிழிந்திருந்தது. பாக்கியம் ஓடிவந்து சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள். மொய்துவுக்குத் தெரிந்தால் அட்டை மறுபடி ஏறிவிடும். அதைவிட, இந்த மனுஷிக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

“இத்தா, ஒண்ணு சொல்லணும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. காலைல சிஜு சேட்டன்கிட்ட படிச்சுட்டு வந்து உங்ககிட்ட சொல்றேன்.”

ஷரீஃபா மூட்டைமேல் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தாள். “திரும்பறது இன்னைக்குக் காலைல படிச்சியா?”

“படிச்சேன்.”

“அப்ப சொல்லு” என்றவள், சிரிக்க ஆரம்பித்து நிறுத்தமுடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிழிந்த தட்டம் திங்கட்கிழமை நீலாம்பாளிடம் போனது. தைத்ததற்கும் முத்துதான்.

லைசென்ஸ் டெஸ்டுக்கு இரண்டு பேரும் ஒரே நாளில் போனார்கள். தரையில் எட்டு போட்டிருப்பார்கள். காலை ஊன்றாமல் சுற்றி வர வேண்டும். ஷரீஃபா தட்டத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எண்ணெய்ச் சட்டியில் மாவு விடுகிற நிதானத்தோடு சுற்றி வந்தாள். பாக்கியம் இரண்டாவது வளைவில், வேடிக்கை பார்த்த ஒருவனுக்குப் பதில் சொல்லப்போய்க் காலை ஊன்றினாள். மாணவி பாஸ், வாத்தியார் ஃபெயில். கல்லூரிக்கு எழுதித் தந்ததில் அதையும் ஒளிக்காமல் எழுதினாள். பேராசிரியை வகுப்பில் வாசித்துக் காட்டினார். மார்க் என்னவோ சுமார்தான், எழுத்துப்பிழை நிறைய.

அந்த வெள்ளிக்கிழமை ஷரீஃபா தனியாக இடக்கொச்சி போய், இருட்டும்வரை தங்கையோடு பேசிவிட்டுத் திரும்பினாள். அதற்கப்புறம் வண்டி படிக்கப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மீன் வெட்டுகிற அம்மா வந்தாள், நீலாம்பாள் வந்தாள். பாக்கியமும் மறுமுறை டெஸ்டில் வாயைத் திறக்காமல் எட்டு போட்டு பாஸானாள். மீனுக்கும் தையலுக்கும் ஷரீஃபா முத்தே கொடுத்து வந்ததால் மொய்துவின் டப்பா மெல்ல மெல்லக் காலியானது.

‘கைமாற்றம்’ 2005 வரை நடந்தது. பணம் தந்த சங்கம் வேறு வேலைக்குத் திரும்பியது. அஜீஷுக்குத் திருச்சூரில் உத்தியோகம் கிடைத்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கையிலிருந்த முத்துகளை ஜனங்கள் இன்னும் கொஞ்ச காலம் மாற்றிக்கொண்டார்கள். பச்சை மசி மங்கி, மடிப்பில் கிழிந்து, அப்படியே நின்றுபோனது. பாக்கியத்துக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. அறையைக் காலி செய்த அன்று படியிறங்கி வந்து, சுக்கு வாசனையில் கடைசியாக ஒரு முறை தும்மிவிட்டு நடந்தாள்.

அதற்குள் அவள் எறணாகுளத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்திருந்தாள். ஏ.சி. அறை, சுழல் நாற்காலி. பேச ஆளில்லை. ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு ஒருநாள் ஷரீஃபாவிடம் போய், “இத்தா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து பெண்களுக்கு வண்டி படிப்பிக்கிற ஸ்கூல் வச்சா என்ன?” என்று கேட்டாள்.

“பழம்பொரி ஆரு போடுவா?”

“மொய்துக்கா படிச்சுக்கட்டும்.”

சுடலைமுத்து ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “டிகிரி படிச்சவ ரோட்டுல வெயில்ல நிக்கவாட்டி? நான் நின்னது போதாதா?” என்றார். அந்தக் கேள்வி அவளைத் தைத்தது. “நீங்க நின்னது வேலைக்கு வேற வழி இல்லாம. நான் எனக்குப் பிடிச்சு நிக்கேன்பா” என்றாள். மறுநாள் அவர் பழைய கார்ப்பரேஷன் குடை ஒன்றைத் தேடியெடுத்து, கம்பியை நிமிர்த்தி, கதவோரம் சாய்த்துவைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

பள்ளிக்கு முறையாக அனுமதி வாங்கி, இரண்டு வண்டிகளோடு தொடங்கினார்கள். இப்போது கூலி ரூபாயில்தான். சொல்லிக்கொடுப்பது பாக்கியம், தைரியம் கொடுப்பது ஷரீஃபா. விழுந்து எழுந்தவர்களிடம், தான் போய்க் குத்திய கயிற்று மூட்டைகளின் கதையை அவள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள். 2008 வாக்கில் அந்த மூட்டைகள் கிடங்கின் கூரையைத் தொட்டிருந்தன.

மொய்துவின் பழம்பொரி முதல் மாதம் கல்லாக இருந்தது, பிறகு தேறியது. அவர் கடைசிவரை ஸ்கூட்டர் படிக்கவில்லை. காலையில் தோப்பும்படிக்குச் சாமான் வாங்கப் போகும்போது மனைவிக்குப் பின்னால், மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து போவார். கடையில் யாராவது கேலி பேசினால், சாயாவை ஆற்றுகிற கையை நிறுத்தாமல், “முதலாளிமார் எல்லாம் டிரைவர் வச்சுத்தான் போவாங்க. தெரியாதா?” என்பார்.