முப்பது இலைக்கு ஒரு பயணம்

என் மகளின் கலியாணத்தை வைகாசியில், அவள் அப்பாவின் ஊரான கீழக்குயில்குடியில் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அவருக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. அதனால் 1946 பங்குனியில் ஒரு சனிக்கிழமை, பாத்திரமும் சமையல் ஆளும் பேசி முடிக்கத் திருச்சியிலிருந்து நான் தனியாகக் கிளம்பினேன். இதே வேலையாக மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சர்க்கார் உத்தரவு உங்களுக்குத் தெரிந்ததுதான். அரிசித் தட்டுப்பாடு தீரும்வரை விசேஷ வீட்டில் முப்பது பேருக்கு மேல் விருந்து வைக்கக் கூடாது. யார் அந்த முப்பது பேர் என்று ரயில் ஏறும்முன்பே நான் தீர்மானித்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

ரயில் காலை எட்டரைக்கு மதுரை சேர்ந்தது. ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிக்காரர் பத்தணா கேட்டார், ஆறணாவுக்கு வந்தார். கீழ மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இப்ராகிம் பாயின் பாத்திர வாடகைக் கடை. சந்துக்குள் வண்டி போகாது, இறங்கி நடக்க வேண்டும். கடைக்குள் ஆள் உயர அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. பாய் ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

“இதுக்குள்ள இப்ப எலிதாம்மா குடித்தனம் பண்ணுது. வாடகை மட்டும் குடுக்க மாட்டேங்குது.”

உத்தரவு உங்கள் பிழைப்பைக் கெடுத்துவிட்டதே என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. யுத்தத்தில் விலை ஏறியபோதே அண்டா கேட்பவர்கள் குறைந்துவிட்டார்களாம். உத்தரவு வந்தது அதற்குப் பிறகுதானாம்.

“ஆர்டர் வந்ததும் பல பேருக்கு உள்ளுக்குள்ள நிம்மதிம்மா. கூப்பிடாததுக்கு ஒரு சாக்குக் கிடைச்சிருச்சுல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. சின்னத் தவலைகளைப் பார்த்து முன்பணம் கொடுத்தேன்.

பரவைக்குப் பஸ் கட்டணம் இரண்டரை அணா. பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் பஸ். பின்பக்கம் உட்காராதீர்கள், அங்கே மாட்டியிருக்கும் கரியடுப்பின் புகை முழுவதும் உங்கள் புடவைக்குத்தான். ஆறு மைல் போக ஒரு மணி நேரம் ஆயிற்று. சந்தையைத் தாண்டிச் சமையல்காரர் கருப்பையாவின் வீடு. என் கலியாணத்துக்குச் சமைத்தவர் அவர். இப்போது அறுபது வயதிருக்கும். அவரிடம் ஆறு ஆட்கள். மில்லில் ஆள் எடுக்கிறார்கள், வேண்டுமானால் இரண்டு பேரை அனுப்பு என்று மில் மேஸ்திரி சொல்லியிருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இருபது வருஷமாகக் கூட இருக்கும் ஆட்களைப் பிரிக்க அவருக்கு மனமில்லை. வைகாசிக்குள் உத்தரவு போய்விடும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பந்தல் போடும் இடத்தைப் பார்க்க இருவருமாக மாட்டுவண்டியில் கீழக்குயில்குடிக்குப் புறப்பட்டோம். வாடகை ஒரு ரூபாய். வைகையில் தண்ணீர் இல்லை. மணலில் சக்கரம் புதையும், இறங்கி நடக்கத்தான் வேண்டும். துவரிமான் தாண்டியதும் சமணர் மலை தெரிய ஆரம்பித்தது. மலையடியில் தாமரைக் குளத்தருகே மாட்டை அவிழ்த்துவிட்டோம். அங்குள்ள ஆலமர நிழலைத் தவறவிடாதீர்கள். மேலே சமணர் படுக்கைகளைப் பார்க்க ஏறுபவர்கள் காலையிலேயே ஏறிவிட வேண்டும். நாங்கள் போன மதிய வேளையில் பாறை கொதித்தது.

பாய் சொன்னதை அங்கேதான் கருப்பையாவிடம் சொன்னேன்.

“அவருக்கென்னம்மா, அண்டாவுக்கா பசிக்கும்? எங்களுக்குல்ல பசிக்கும். ஆர்டர்தாம்மா எங்களைச் சாச்சது” என்றார்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பந்தியில் சமையல் ஆட்கள் உட்காருவார்கள். கலியாண வீட்டுக்காரரே அவர்களுக்குப் பரிமாறுவார். இப்போது கொல்லையில் விழும் எச்சில் இலையை எண்ணிப் பார்க்க அதிகாரி வருவார் என்று எல்லோருக்கும் பயம். ஆறு சமையல் ஆள் என்றால் ஆறு சொந்தக்காரர் குறையும். ஆகவே ஒரு வீட்டில் சமைத்தவர்களைச் சாப்பிடாமலே அனுப்பிவிட்டார்கள். அடுத்த வீட்டில் ஆளே பாதியாகக் குறைந்தது. காய் நறுக்க வீட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

“உங்க முப்பதுல நாங்க உண்டாம்மா?”

இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“சரி, ஆர்டரே போயிருச்சுன்னு வச்சுக்கங்க. அப்ப எம்புட்டு இலை போடுவீக?”

தாராளமாக ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த எண்ணை நம்பி இரண்டு பேரின் வேலையை அவர் முடிவு செய்வார். குளத்தைப் பார்த்தபடி மனதுக்குள் கணக்குப் போட்டேன். அரிசி, எண்ணெய், மாப்பிள்ளை வீட்டுச் சீர், பின்னால் படிக்க வேண்டிய பையன்.

“அறுபது அண்ணே. அதுக்கு மேலே முடியாது.”

“உங்க கலியாணத்துக்கு முன்னூறு இலை” என்றார். முன்னூறிலிருந்து அறுபதாக்கியது சர்க்கார் இல்லை. அறுபதிலிருந்து முப்பதாக்கியது சர்க்கார்தான். பாய் சொன்னதும் சரி, இவர் சொன்னதும் சரி. ஆனால் உத்தரவு நாளைக்கே போனாலும் முன்னூறு திரும்பி வராது. அது என் வாயால் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அப்ப நாலு ஆளு போதும்மா. ரெண்டு பேரை மில்லுக்கு அனுப்பிர வேண்டியதுதான். பாவிப்பயலுக, சங்குச் சத்தத்துக்கு எந்திரிக்கப் போறானுக” என்று சிரிக்கப் பார்த்தார்.

நீங்களும் நாலு பேரும் ஐந்து இலை, என் முப்பதுக்குள்ளே, கடைசிப் பந்தி நான் பரிமாறுகிறேன் என்றேன்.

“யாரை நிறுத்துவீக?”

“அது என் பாடு அண்ணே.”

பந்தல் இடம் பார்த்து, அதே வண்டியில் அவரைப் பரவைக்கு அனுப்பினேன். மேஸ்திரியிடம் பதில் சொல்ல அவருக்கு நேரமாகிவிட்டது. நான் அன்றிரவு ஊரிலேயே தங்கி மறுநாள் ரயில் ஏறினேன். வழிநெடுக யோசித்து, என் பிறந்தகத்தில் ஐந்து பேரை அழைப்பிலிருந்து நிறுத்தினேன். ஒரு சித்தி இன்னும் என்னோடு பேசவில்லை.

போகிறவர்கள் குடிதண்ணீர் கொண்டுபோங்கள், வைகையை வெயிலுக்கு முன் கடந்துவிடுங்கள். யாரை அழைப்பது என்று யோசிக்க உட்காரும்போது, முதலில் சமைப்பவர்களின் இலையை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள்.