ராஜரத்தினத்தின் பகல் ஷிஃப்டு

"செத்த பொறு தாயி. இந்தா ஊதிருவான்." கொல்லையில் கால்களை நீட்டி, சேர்த்து வைத்த பாதங்களின் மேல் மகள் சண்முகத்தாயை உட்காரவைத்துக்கொண்டு ராஜரத்தினம் காதைத் தீட்டியிருந்தார். பாதி ராஜபாளையத்துக்குக் கேட்கும்படி மில் சங்கு ஊதியது. இரண்டரை வயதுப் பிள்ளையும் கடமையை முடித்தது. "பாத்தியா, கரெக்ட் டைம்!" என்று தானே மெச்சிக்கொண்டு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டார்.

நூல் மில்லில் அவர் ஃபிட்டர். இரவு ஷிஃப்டு முடித்து வந்து ஒரு தூக்கம் போட்டதும் பிள்ளையோடு கொல்லைக்கு வந்துவிடுவார். வெட்கமா, அவருக்கா? "என்ன அண்ணாச்சி, பகல் ஷிஃப்டும் ஏறியாச்சா?" என்று பக்கத்து வீட்டு இருளம்மாள் சீண்டினால், "ஆமா, இதுக்கு ஓவர்டைம் கெடையாது" என்பார். எதையும் மிஷினாகவே பார்க்கிற மனிதர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட "ஹீட் ஏறிருச்சு" என்றுதான் சொல்லுவார்.

மனைவி முத்துப்பேச்சிக்கு பேண்டேஜ் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஜூனில் சேர வேண்டும். பிள்ளையைப் பால்வாடியில் விட்டால்தான் அது நடக்கும். ஞானபாக்கியம் டீச்சரோ கறாராகச் சொல்லிவிட்டார்: "பிள்ளை வாயத் தெறந்து கேக்கணும். பாய நனைச்சா திருப்பி அனுப்பிருவேன்."

எண்பத்தெட்டு மே தினத்தன்று மில்லுக்கு விடுமுறை. சங்கு ஊதவில்லை. பிள்ளை அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் வீறிட்டு அழுது முத்துப்பேச்சியின் சேலையை நனைத்துவிட்டது.

"பிள்ளைக்கு வயித்துக்குள்ளயா சங்கு வச்சிருக்கிய? நாளைக்கு ஊதுனா பால்வாடிப் பாய்லயே உக்காந்துருமே! என் வேலை போச்சு, போங்க!"

சொல்லிவிட்டு அவள் அழுதாள். ராஜரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே லீவு போட்டுவிட்டுப் பிள்ளையோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தங்கை வீட்டுக்குப் போனார். அந்தச் சங்கு அங்கே கேட்காது. நேரம் பார்ப்பதை விட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். விளையாட்டு சட்டென்று நின்றாலும், முழங்கால்கள் ஒட்டிக்கொண்டாலும், "வருதா தாயி?" என்று ஓடுவார். பிள்ளை தலையை ஆட்டும்; வாயை மட்டும் திறக்காது. எத்தனை பாவாடை நனைந்தும் மனுஷன் ஒரு அதட்டல் போட்டதில்லை. லீவுதான் முடிந்துபோனது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். முத்துப்பேச்சி முகத்தில் எப்படி விழிப்பது? அப்போது மடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, ஒண்ணுக்கு வருது."

"நிப்பாட்டுங்க! பிள்ளை கேட்டுருச்சுய்யா, கேட்டுருச்சு!"

என்னமோ ஏதோ என்று பதறிப்போய் கண்டக்டர் விசிலடித்தார். பஸ் நின்றது. சாலையோரப் புளியமரத்தடியில் பிள்ளை தானாகக் குந்தியது. ராஜரத்தினம் தோள்துண்டை இரண்டு கையாலும் விரித்து மறைத்துப் பிடித்தபடி, முறைத்துக்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார்.