நெடுந்தீவுக்குப் போன விஞ்ஞானப் பெட்டி

எழுபதுகளில் பாடத்திட்டம் மாறியது. பிள்ளைகள் இனிச் செய்து பார்த்தே விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்றார்கள். நெடுந்தீவில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனைக் குழாய்கூட இல்லை.

ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு யாழ்ப்பாண நகரில் சனிக்கிழமை நடந்தது. வெள்ளிக்கிழமையே வள்ளமேறி, புங்குடுதீவில் பஸ் பிடித்து, ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் தங்கி, காலையில் முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தேன்.

வகுப்பு முடிய, பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாக மரப்பெட்டி கொடுத்தார்கள். உள்ளே கண்ணாடிக் குழாய்கள், ஸ்பிரிட் விளக்கு, புளிப்புப் பட்டால் சிவக்கும் நீலப் பாசிச்சாயத்தாள். என் முறை வந்ததும் அதிகாரி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ரீச்சர், உங்கட தீவுக்கு இது சரிவராது. வள்ளத்தில உடைஞ்சுபோம். படம் தாறம், அதைக் காட்டிப் படிப்பியுங்கோ.”

“அந்த வள்ளத்திலதான் சேர், பிள்ளைப்பெறுக்குப் பொம்பிளையளைக் கொண்டுவாறம். அவையைவிடக் கண்ணாடி பெரிசோ?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரியின் முகம் கறுத்தது.

“உடைஞ்சால் ஆர் பொறுப்பு?”

“நான்தான். பெட்டியில்லாமல் நான் போகமாட்டன்.”

மண்டபம் காலியாகும்வரை மேசை முன்னாலேயே நின்றேன். கடைசியில் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

திரும்பும்போது கடல் கொந்தளிப்பு. மூட்டைகளோடு அடுக்கலாம் என்றார் வள்ளக்காரர். விடவில்லை, மடியில் வைத்துச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டேன். கடல் பக்கம் குனிந்து இரண்டு தரம் சத்தியெடுத்தேன். பெட்டியிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் பெட்டியைத் திறந்து பார்த்து மகிழ்ந்தார்.

“அலுமாரியில வைச்சுப் பூட்டுங்கோ. ஆரும் பார்க்க வந்தால் காட்டலாம். பிள்ளையள் தொட்டால் ஒண்டும் மிஞ்சாது.”

“காட்டுறதுக்கெண்டு நான் இதைச் சுமந்துகொண்டு வரேல்லை, சேர்.”

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே வகுப்புக்குத் தூக்கிப் போனேன். தேசிக்காய்ச் சாற்றில் நீலத்தாள் சிவந்தபோது பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். மறுநாள் மோரும் புளிக்கரைசலும் கிணற்றுத் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். அந்த அமளியில் ஒரு சிறுமியின் கைதவறிக் குழாய் ஒன்று சிதறியது. பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் தலைமையாசிரியர் நின்றார்.

“இன்னொண்டை எடு பிள்ளை” என்றேன், அவருக்கும் கேட்கும்படி.

அவர் திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார்.

அடுத்த பயிற்சி வகுப்புக்கு இன்னும் இரண்டு ரீச்சர்மார் என்னோடு வள்ளமேறினார்கள். எங்களுக்குச் சுவரளவு உலகப்படம் ஒன்று வேண்டியிருந்தது. வாங்காமல் திரும்புவதில்லை என்று மூவரும் பேசிக்கொண்டோம்.