காதுக்கு வந்த பாயிண்ட்

சரண்யாதேவிக்கு முதல் அறை விழுந்தது ஒரு அரிசிப் பைக்காக. முத்தையாபுரம் சூப்பர் மார்க்கெட்டில் அரிசி வாங்கிவிட்டு, கல்லாவில் இருந்த மிஷின் மேல் போனைக் காட்டினாள். ‘டிங்’ என்றது, பணம் போய்விட்டது. அவள் வீடு வந்து சேர்வதற்குள், துறைமுகத்தில் கிரேன் மேல் உட்கார்ந்திருந்த புருஷன் பாண்டியராஜின் போனுக்குச் செய்தி போய்விட்டது. சாயங்காலம் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் விட்டான் ஒன்று. ஐந்து விரலும் கன்னத்தில் பதிந்தன. அடித்து முடித்த பிறகு வாத்தியார் மாதிரி உட்கார வைத்து விளக்கினான். அவள் காட்டியது பெட்ரோல் கார்டாம். அரிசிக்கு அதில் பாயிண்ட் கிடையாதாம்.

குடி கிடையாது, சிகரெட் கிடையாது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான் என்று பெண் பார்க்க வந்தபோது ஆத்தூரில் எல்லோரும் மெச்சினார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சிவசுப்பிரமணியன், தங்கமான மாப்பிள்ளை என்று நம்பி, பி.எஸ்ஸி. படித்த மகளைக் கொடுத்தார். தங்கத்தை யாரும் உரசிப் பார்க்கவில்லை. அவனிடம் நான்கு கிரெடிட் கார்டு இருந்தது. நாலையும் அவள் போனில் இருந்த வாலட்டில் ஏற்றி வைத்தான். பெட்ரோலுக்கு ஒன்று, மளிகைக்கு ஒன்று, கரண்டு பில்லுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. எதைக் காட்டினால் எத்தனை பாயிண்ட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். பாயிண்டைச் சேர்த்து பாங்காக் போக வேண்டும் என்பது அவன் ஆசை. பெண்டாட்டியோடு இல்லை, கூட்டாளிகளோடு.

ரொக்கம் அந்த வீட்டில் தீட்டு. கூடைக்காரியிடம் மீன் வாங்கக் கூடாது, கூடையில் மிஷின் இருக்காது. கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐஸ் பெட்டியில் விறைத்துக் கிடந்த மீனைத் தின்றது தூத்துக்குடியிலேயே அந்த ஒரு வீடாகத்தான் இருக்கும். ஒரு நாள் நாக்கு கேட்காமல், அம்மா கையில் திணித்துவிட்டுப் போன நோட்டைக் கொடுத்துப் பச்சைச் சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். ஒரு வாய் வைத்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. எந்தக் கார்டு என்று கேட்டான். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அப்படியே தூக்கி அவள் காலில் வீசினான். ஓடு சிதறியது. பாதம் வெந்து தோல் வழன்றது. பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் எப்போதும்போல டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள்.

வெந்த காலோடு ஆத்தூருக்குப் பஸ் ஏறிப் போனாள். அப்பா காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார், கண் கலங்கினார், மறு பஸ்ஸிலேயே திரும்பக் கொண்டுவந்து விட்டார். வாசலில் வைத்து அவர் சொன்னது ஒன்றுதான்.

“அடிக்கிற கைதான் அணைக்கும்ளா.”

சொல்லிவிட்டு மாப்பிள்ளை வீட்டில் காப்பியும் குடித்தார். எனக்கு அந்தக் காப்பியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அணைக்கிற கையை அவள் இன்றுவரை பார்க்கவில்லை.

ஆடி மாதம் ஒரு கார்டுக்காரன் ஆசை காட்டினான். மாதம் முடிவதற்குள் இவ்வளவு செலவழித்தால் பாயிண்ட் இரட்டிப்பு என்றான். கரண்டு பில்லைக் கட்டினால் அந்தக் கணக்கு நிரம்பும். அதைக் கட்டச் சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான். அவளுக்கோ அன்று காய்ச்சல், கண்ணைத் திறக்க முடியவில்லை. பில் மறந்தது, மாதம் முடிந்தது. மறுநாள் காலையில் போனைப் பார்த்தவன், கிளம்புவதற்காகக் கையில் எடுத்திருந்த ஹெல்மெட்டாலேயே அவள் இடது காதோடு சேர்த்து அடித்தான். அவள் சுவரில் மோதி விழுந்தாள். விழுந்தவள் வயிற்றில் மிதித்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினான்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். குளியலறையில் வழுக்கிவிட்டாள் என்று அவனே சொன்னான். அவன் பில் போடப் போனதும், அந்த டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆப்பரேஷன் செய்ய வேண்டும், இன்னொரு அடி அங்கே விழுந்தால் அந்தக் காது போனதுதான் என்றார். வெளியே வந்தவள், கவுண்டரில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவளுடைய போனை எடுத்து, சரியான கார்டைத் தேடி, மிஷினில் காட்டிக்கொண்டிருந்தான். திரும்பியவன் முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா, ஆஸ்பத்திரிக்கு டபுள் பாயிண்ட். விட்டதுல பாதிய இங்கன புடிச்சாச்சு.”

நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். அவள் காதுக்கு வந்த பாயிண்டும் அவனுக்கு வலிக்கவில்லை. ஆனால் அவளுக்கு அந்த இடத்தில்தான் புத்தி தெளிந்தது. பாயிண்டெல்லாம் அவன் சேர்த்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். சேர்த்தது அவன் இல்லை, அவள் உடம்பு. இன்னொரு அடி விழுவதற்குள் இந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும், போகும்போது தன்னுடையதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று முடிவு செய்தாள்.

கூடப் படித்த முருகேஸ்வரி ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தாள். சான்றிதழோடு வந்தால் வேலை நிச்சயம், வந்து சேரு என்றாள். ஹாஸ்டலுக்கு முன்பணம் வேண்டும், ஆப்பரேஷனுக்கும் பணம் வேண்டும். வாலட்டைத் திறந்து பார்த்தாள் சரண்யாதேவி. பாயிண்டையெல்லாம் கொடுத்தால் நகைக்கடை வவுச்சர் கிடைக்கும், அதைப் பரிசாக யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று போட்டிருந்தது. முருகேஸ்வரி நம்பரைப் போட்டாள். ஒரே ஒரு தடங்கல்தான். ஓடிபி அவன் போனுக்குத்தான் வரும்.

அவன் கிரேனில் இருந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டாள். கரண்டு பில் கட்டுகிறேன், நம்பர் வரும், சொல்லுங்கள் என்றாள். கரண்டு பில் என்றதும் அவனுக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறவனா அவன்? நம்பரை மட்டும் பார்த்தான். நல்ல காதில் போனை வைத்துக்கொண்டு அவள் கேட்க, ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொன்னான். சீக்கிரம் போடு, நேரம் முடிந்துவிடும் என்று திட்டவும் செய்தான். அவள் போட்டாள். அத்தனை பாயிண்டும் ஓசூருக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் சான்றிதழ்களை அவன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தான். அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிப் பூட்டின் மேல் போட்டாள். தகரம் நெளிந்தது, பூட்டு அசையவில்லை. அவள் வெறி கொண்டவள் மாதிரி மறுபடி மறுபடி இடித்தாள். கதவு பிளந்து சான்றிதழ் கைக்கு வந்து, பையை மூடும்போது வாசலில் பைக் வந்து நின்றது. டீ குடிக்க இறங்கியவன் செய்தியை முழுசாகப் படித்திருக்கிறான்.

உள்ளே வந்தவன் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் சாத்தினான். அவள் இரண்டு கையாலும் இடது காதைப் பொத்திக்கொண்டாள். அடி முதுகில் விழுந்தது, வாயில் விழுந்தது, உதடு கிழிந்தது. தோளில் பை தொங்கியதையும் பீரோ பிளந்து கிடந்ததையும் அந்த மனுஷன் பார்க்கவேயில்லை. தரையில் கிடந்த அவள் போனைக் கண்டதும் அடிப்பதை விட்டுவிட்டு அதைப் பொறுக்கி வாலட்டைத் திறந்தான். பூஜ்யம் என்று காட்டியது. தப்பாகக் காட்டுகிறதோ என்று மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தான்.

அவள் நடந்து வெளியே போனாள். வாசல் கிரில் கதவைத் தாண்டும்போதுதான் அவன் நிமிர்ந்தான். ஓடி வந்து, கதவு இடுக்கில் கையை விட்டுப் பை வாரைப் பிடித்தான். சரண்யாதேவி கதவை இழுத்து அவன் கைமேல் சாத்தினாள். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. மறுபடியும் சாத்தினாள். அலறிக்கொண்டு அவன் கையை உருவியதும் கொண்டியைப் போட்டு, கம்பியில் சாவியோடு தொங்கிய பூட்டை மாட்டிப் பூட்டினாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

இந்த முறை அந்தோணியம்மாள் டிவியை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றாள். கையை நீட்டிச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். ரயில் போன பிறகு சாவியைத் தேடிப் பார்க்கிறேன் என்றாள்.

தெருவே கூடிவிட்டது. பாண்டியராஜ் நசுங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பிக்குப் பின்னால் நின்றான். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. அவள் வாயிலிருந்து வழிந்த ரத்தத்தையும் பார்க்கவில்லை.

“ஏளா, எம் பாயிண்டெல்லாம் எங்க போச்சுளா?”

ஆட்டோவில் ஒரு கால் வைத்தவள் திரும்பினாள்.

“அடி வாங்குனவ கிட்ட இருக்கு.”

ஆட்டோ ஸ்டேஷனுக்குப் போனது. ஓசூர் வழியாகப் போகிற மைசூர் ரயிலில் அவளுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.