கிள்ளானில் கழற்றிய பிளக்குகள்

1996, ஒரு திங்கட்கிழமை. காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு சுபாங் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தேன். சென்னையிலிருந்து நாலு மணி நேரப் பறப்பு. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டேன். டாக்சிச் சீட்டு இருபத்தெட்டு ரிங்கிட். இங்கிருக்கும் தமிழர் அதை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நம் காசில் நானூறு ரூபாய்க்குப் பக்கம். அந்தக் காசுக்குக் கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு பஸ்ஸில் பழனி போய்த் திரும்பி வரலாமே என்று மனம் கணக்குப் போட்டது. என் மனம் எப்போதும் அந்த வேலையைத்தான் செய்யும், விடுங்கள்.

டாக்சி ஓட்டியவர் சாலாக் செலாத்தானைச் சேர்ந்த தமிழர். ஐம்பது வயதிருக்கும். பிரிக்பீல்ட்ஸ் வரை இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தூரமும் அவர் பங்குச் சந்தையைப் பற்றியே பேசினார். போன வருடம் ஏதோ ஒரு கம்பெனியின் பங்கை வாங்கி, ஏறியதும் விற்று, அந்தக் காசில் வீட்டுச் சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டினாராம். நான் இங்கே பங்கு வாங்க வந்தேனா என்று கேட்டார். கிரைண்டர் விற்கிறவள் என்றேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் கணபதியில் அண்ணனும் நானும் கிரைண்டர் பட்டறை நடத்துகிறோம். இயந்திரம் அவர் பொறுப்பு, கணக்கும் நிர்வாகமும் என் பொறுப்பு. ஐந்து வருடத்துக்கு முன் கிள்ளானில் குணசேகரன் என்பவரோடு பாதிக்குப் பாதி கூட்டுக் கம்பெனி ஆரம்பித்தோம். நாங்கள் மேசை கிரைண்டரை அனுப்புவோம், அவர் விற்பார். லாபத்தை வெளியே எடுக்காமல் கம்பெனியிலேயே சேர்த்து வந்தோம். போன மாதம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று வருடத்தில் கிரைண்டர் தந்ததைப் பங்குச் சந்தை நாலே மாதத்தில் தருகிறது, கடையை மூடிச் சேமிப்பு முழுவதையும் பங்கில் போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தார். கடை வாடகை ஒப்பந்தம் இந்த வியாழக்கிழமையோடு முடிகிறது. அண்ணனுக்கு அந்தக் கடிதம் தேனாக இனித்தது. நேரில் போய்ப் பார்த்து, சரியென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு வா என்று என்னை ஏற்றிவிட்டார். எனக்கும் பெரிய மறுப்பில்லை. ஐந்து வருட வரவு செலவு அறிக்கையைத் தயாரித்தவளே நான்தான். கிரைண்டரின் லாபம் எவ்வளவு மெலிந்தது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் சாலையை ஒட்டிய ஒரு விடுதியில் தங்கினேன். நாளுக்கு ஐம்பத்தைந்து வெள்ளி. ஜன்னலைத் திறந்தால் பழைய ரயில்வே குடியிருப்புகள். காபிக்குத் தண்ணீர் சுடவைக்க ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பிச் சுருளை எடுத்தேன். பிளக் சுவரில் ஏறவில்லை. நம்முடையதற்கு மூன்று உருண்டைக் கால், இங்கே சுவரில் மூன்று தட்டை ஓட்டை. இதுகூடத் தெரியாமல் என்ன விடுதி நடத்துகிறீர்கள் என்று கீழே போய் சத்தம் போட்டேன். பாவம், அந்த விடுதி அம்மாள் ஒன்றும் பேசாமல் ஒரு மாற்றுப் பிளக்கைக் கொடுத்தார். நாடே அந்தப் பிளக்கில்தான் ஓடுகிறது. பத்து வருடமாக மின்சாரச் சாமான் செய்து விற்கிற எனக்கு அப்போதும் பொறி தட்டவில்லை என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

செவ்வாய், காலை எட்டு மணி. கோலாலம்பூர் ரயில் நிலையத்திலிருந்து கிள்ளானுக்கு மின்சார ரயில் ஏறினேன். குளிரூட்டிய பெட்டி. வழியெல்லாம் தொழிற்பேட்டைகள், புதிதாக வெட்டிய செம்மண் மேடுகள், அவற்றின் மேல் பாரந்தூக்கிகள். ஒரு மணி நேரம். இறங்கினால் குணசேகரன் காரோடு நின்றிருந்தார். ஆறடி உயரம், மெதுவான பேச்சு. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கடைக்குப் போகலாமா என்றேன். கடை எங்கே ஓடிவிடப் போகிறது, முதலில் காலரியைப் பாருங்கள் என்றார்.

பங்குத் தரகர் அலுவலகத்தின் மாடியில் இருக்கும் கூடத்துக்குத்தான் காலரி என்று பெயர். சுவர் முழுக்க விலைப் பலகை, எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எதிரே சினிமா கொட்டகைபோல் நாற்காலிகள். நான் ஏதோ கூச்சல் குழப்பமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை, ஒரு நூலகத்தின் அமைதி இருந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்த சீனப் பாட்டிமார், பாசார் என்கிற காய்கறிச் சந்தைக்குப் போய்விட்டு வந்த பெண் ஒருத்தி, அவள் காலடியில் கீரைக்கட்டு. குணசேகரனுக்கு மூன்றாவது வரிசையில் ஒரு நிரந்தர நாற்காலி. காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை, மறுபடி இரண்டரை முதல் ஐந்து வரை. தன் சொந்தப் பணத்தில் வாங்கியவற்றின் தாள்களை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றையும் துருவித் துருவிப் பார்த்தேன். பொய்யில்லை, எல்லாம் ஏறியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று ஏறியது. ரயில் சீட்டின் பின்புறத்தில் எங்கள் சேமிப்பை வைத்துக் கணக்குப் போட்டேன். எனக்கு ஆசை வந்துவிட்டது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கணபதியில் பட்டறைக்குப் பக்கத்து மனையை வாங்குவதுவரை மனம் போய்விட்டது.

திரும்பும் ரயிலில்தான் ஒன்று உறைத்தது. முதலாளி கடையில் இருப்பது மதிய இடைவேளை இரண்டு மணி நேரம் மட்டும். அப்படியானால் கிரைண்டரை விற்பது யார்?

புதன். யாரிடமும் சொல்லாமல் ஒன்பதரை மணிக்கே கடைக்குப் போய்விட்டேன். தெங்கு கிளானா சாலையில் பூக்கடைகளையும் துணிக்கடைகளையும் தாண்டினால் ஒரு குறுகலான கடை. லெட்சுமி என்ற பெண் கதவைத் திறந்து வைத்திருந்தாள். என் அறிக்கையில் சம்பளம், ஒரு ஆள் என்று வருகிறாளே, அவள்தான். முப்பத்தைந்து வயது. நான் யார் என்று சொன்னதும் முதலில் பயந்தாள், பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து தே ஓ என்கிற பாலில்லாத தேநீர் வாங்கி வந்தாள்.

பத்து மணிக்குக் காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பதி வந்தார்கள். கிரைண்டர் பிடித்துப்போனது, விலை பேசி முடிந்தது. லெட்சுமி எங்கள் பெட்டியை இறக்கினாள். நாங்கள் ஒட்டிய நாடாவைக் கத்தியால் கீறினாள். வயரை வெளியே இழுத்து, திருப்புளியை எடுத்து, எங்கள் பிளக்கைக் கழற்றிக் கீழே போட்டாள். இழுப்பறையிலிருந்து ஒரு தட்டைக் கால் பிளக்கை எடுத்து மாட்டி, ஊற வைத்திருந்த ஒரு பிடி உளுந்தைப் போட்டு ஓட்டிக் காட்டி, கழுவித் துடைத்து, மறுபடி கட்டிக் கொடுத்தாள். பிளக்குக்கு மட்டும் ஏழு நிமிடம்.

மோட்டார் சைக்கிள் போனதும், எல்லாவற்றுக்கும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும்தான்க்கா. நீங்க அனுப்புறது இங்க எந்த செவுத்துலயும் போவாது. பாஸ்கிட்ட மொத வருஷமே சொன்னேன். அவங்க அப்படித்தான் செய்வாங்க, விடு லா, மாட்டிக் குடுன்னாரு."

கடையின் பின்னால் அழைத்துப் போனாள். கோதுமை மாவு வந்த பெரிய சாக்கு ஒன்று, வாய்வரை எங்கள் பிளக்குகள். பித்தளைக் கால் பளபளவென்று இருந்ததால் தூக்கிப் போட மனம் வரவில்லையாம். வெளிநாட்டுக்குப் போகிறதே, மட்டமான சாமானைப் போடக்கூடாது என்று அண்ணன் ஏற்றுமதிக்கு மட்டும் தனியாகத் தருவித்த பிளக் அது. உள்ளூரில் விற்கும் கிரைண்டருக்குக்கூட நாங்கள் அதைப் போடுவதில்லை. கூடுதல் விலை கொடுத்து வாங்கி, கடல் கடந்து அனுப்பி, இங்கே சாக்கில் கொட்டியிருக்கிறோம். முந்தாநாள் விடுதி அம்மாளிடம் நான் போட்ட சத்தம் நினைவுக்கு வந்து காது சூடானது.

அவளிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டும் இருந்தது. வாங்கியவர் பெயர், ஊர், எதற்கு வாங்கினார் என்று ஐந்து வருடமாக எழுதி வைத்திருந்தாள். ஒரு மாதம் கழித்து ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு மாவு எப்படி வருகிறது என்று விசாரிப்பாளாம், அதுவும் தன் வீட்டுத் தொலைபேசியில். பழுதாகித் திரும்பி வந்தவற்றில் பெரும்பாலானவை தோசைக் கடைக்காரர்கள் வாங்கியவை. வீட்டு கிரைண்டரில் கடைக்கு மாவாட்டி மோட்டாரை எரித்திருக்கிறார்கள். பூச்சோங்கிலிருந்து மட்டும் பதினோரு பேர், இதைவிடப் பெரியது கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பெரிய கிரைண்டர் எங்கள் பட்டறையில் வருடம் முழுக்க ஓடுகிற சாமான்! என் அறிக்கையில் இந்தப் பழுதெல்லாம் இதர செலவு என்று ஒரே வரி. வருடா வருடம் எத்தனை விற்றது, எவ்வளவு வந்தது என்று எழுதிக் கேட்டேன். விற்பவள் பெயரைக் கேட்டதில்லை. என் நிர்வாகத் திறமையை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

இனிமேல் கோயம்புத்தூரிலேயே தட்டைப் பிளக் போட்டு அனுப்புகிறோம் என்று வேகமாகச் சொல்லிவிட்டேன். லெட்சுமி திருப்புளியை மேசையில் வைத்தாள்.

"கடைய மூடப் போறீங்கன்னு பாசு பேசுனது காதுல விழுந்துச்சு. மூடலன்னாலும், நல்ல பிளக்கு அங்கேயே போட்டு வந்துட்டா எனக்கு இங்க என்னாக்கா வேல?"

அவள் தந்த தே ஓ ஆறிப்போயிருந்தது. அதை மடமடவென்று குடித்தேன்.

மதியம் குணசேகரன் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். ஆளுக்கு ஆறு வெள்ளி. நான் சாக்கைப் பற்றிச் சொன்னதும் அவர் சண்டைக்கு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ரசத்தைப் பிசைந்தார். முதல் இரண்டு வருடம் ஒவ்வொரு கிரைண்டரையும் அடுக்குமாடி வீடுகளுக்குத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர். அது எனக்குத் தெரியும்.

"முதுகு போச்சு தங்கச்சி. அந்த நாற்காலியில உக்காந்தா வலி தெரியல. காசும் வருது. நான் என்ன தப்பா சொல்றேன்?"

தப்பில்லை என்றேன். சந்தை ஏறுமா இறங்குமா என்று எனக்குத் தெரியாது, அதைப் படித்தவளும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கிரைண்டர் தோற்றுப்போனது என்று நான் போட்ட கணக்கு, கிரைண்டரை நடத்தத் தெரியாத எங்களின் கணக்கு. அதை ஒழுங்காக நடத்திப் பார்க்காமல் மூட எனக்கு மனசில்லை. சேமிப்பில் அவர் பாதியை அவர் எடுத்து விரும்பியதில் போட்டுக்கொள்ளட்டும், எங்கள் பாதி கடையிலேயே இருக்கட்டும் என்றேன். லெட்சுமி திருப்புளியை விட்டுவிட்டுத் தோசைக் கடைகளுக்குப் போய்ப் பெரிய கிரைண்டரை விற்கவேண்டும். சம்பளத்துக்கு மேல் லாபத்தில் அவளுக்கும் ஒரு பங்கு. இரண்டரை மணிக்குப் பலகை மறுபடி திறக்கும் என்று குணசேகரன் கண் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது. கடைசியில், உங்கள் அண்ணனுக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்றார்.

வியாழன் காலை பதினொன்றுக்கு வாடகை ஒப்பந்தத்தில் குணசேகரனும் நானும் கையெழுத்துப் போட்டோம். மூன்று வருடத்துக்கு. அதற்காகக் காலரியிலிருந்து அரை மணி நேரம் எழுந்து வந்தார் என்பதையும் சொல்லவேண்டும். லெட்சுமியிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டுக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போன் பில்லு இனிமே கட கட்டுமாக்கா?"

கட்டும் என்றேன். அப்புறம்தான் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை சுபாங்குக்கு வந்த டாக்சிக்காரர் வேறு ஆள், பேச்சு மட்டும் அதே பேச்சு. சந்தை நேற்றும் ஏறியதாம். இந்த ஊரில் சாலை, ரயில், கட்டடம் எல்லாமே வேகமாக மேலே போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் மாவாட்டும் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனோ என்று சுபாங் வரும்வரை யோசித்தேன்.

சனிக்கிழமை, கணபதி. பட்டறைக்குள் நுழைந்ததும் மின்வெட்டு. கடையை மூடவில்லை என்றதும் அண்ணன் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். வீட்டு வாசலுக்கு வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பிவிட்டாயே என்றார். அனுப்பவில்லை, அவளைத்தான் வேலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்து, வாயை அடக்கிக்கொண்டேன். பெட்டியைத் திறந்து, சாக்கிலிருந்து என்னால் தூக்க முடிந்த அளவு எடுத்து வந்த பிளக்குகளை அவர் மேசையில் கொட்டினேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவர் ஒன்றை எடுத்து, பித்தளைக் காலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல பிளக்குதானம்மிணி இது?" என்றார்.

"நல்ல பிளக்குதானுங்கண்ணா. அங்க அதுக்கு ஓட்டை இல்லீங்க."

அண்ணன் எழுந்து பட்டறைக்குள் போனார். பெட்டி கட்டும் பெண்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு, எங்களிடம் சொல்லாமல் நீங்களாகச் சரி செய்துகொண்டிருப்பது ஏதாவது உண்டா என்று கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.